அற்புதமும் உழைப்பும்: விசேட கல்வி ஆசிரியர் பற்றிய மூன்று சித்திரிப்புகள்

1

கலை இலக்கியங்களிலே ஆசிரியர் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார் என்னும் வினா கல்வியியலாளரின் அக்கறைக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு சமுதாயம் தனது பிள்ளைகளின் வளர்ச்சிக்கான பொறுப்பினை யாரிடம், எத்தகைய நிபந்தனைகளின் பேரில் ஒப்படைத்திருக்கின்றது என்பதை அச்சித்திரிப்புகள் காட்டி நிற்கின்றன. அந்நிபந்தனைகளை அவை மறைத்துவிடுவதும் உண்டு. எனவே இது இலக்கியத் திறனாய்வாளனின் கவனத்துக்கும் உரிய விடயமாகும்.

பார்வை, கேள்வி, பேச்சு, கற்றல் ஆகியவற்றில் விசேட தேவைகளையுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பற்றிய படைப்புகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வருவதை அவதானிக்கலாம். ஒன்று அற்புதம், மற்றது தியாகம். பிள்ளையிடத்து நிகழும் மாற்றம் அற்புதமாகவும், அம்மாற்றத்தை உண்டாக்கிய ஆசிரியரின் செயல் தியாகமாகவும் கூறப்படுகின்றன. எமது பாடசாலைகளின் பரிசளிப்பு விழா உரைகளிலும், மணிவிழா மலர்களிலும், ஆசிரியர் தின வாழ்த்துப் பாக்களிலும் இவ்விரு சொற்களும் வழக்கூன்றியுள்ளன. இவை மரியாதையினால் எழும் சொற்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இவற்றுக்கிடையே விடுபட்டுப் போகும் மூன்றாவது சொல்லொன்று உள்ளது. அதுவே உழைப்பு.

உழைப்பு என்று கூறும்பொழுது அதற்கு வேண்டிய நேரம், கருவிகள், பயிற்சி, கூட்டாளிகள், ஊதியம், ஓய்வு ஆகிய யாவும் வினாவுக்கு உட்படுகின்றன. தியாகம் என்று கூறும்பொழுது இவற்றுள் எதனையும் வினவ வேண்டிய தேவை எழுவதில்லை. பிள்ளையின் நலன் என்பது ஆசிரியரின் உழைப்பினால் நாள்தோறும் உருவாக்கப்படுவது. அவ்வுழைப்பின் நிலைமைகள் சீர்கெடுமிடத்துப் பிள்ளையின் நலனும் சீர்கெடும். இத்தொடர்பை மறைக்கும் கலைப்படைப்பு, அதன் ஆசிரியர் விரும்பினும் விரும்பாவிடினும், அரசு தனது கடமையிலிருந்து ஒதுங்கிக்கொள்வதற்குத் துணைபோகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்தை நிறுவுவதற்கு மூன்று சித்திரிப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது ஓர் அமெரிக்க நாடகம். இரண்டாவது ஓர் இந்தித் திரைப்படம். மூன்றாவது கலைப்படைப்பென்று வழங்கப்படாத ஒரு சோவியத் ஆய்வறிக்கை. இவற்றின் வெளிச்சத்தில் எமது நாட்டு அரச பாடசாலைகளின் நிலை இறுதியில் நோக்கப்படும்.

2

ஹெலன் கெலரின் வாழ்க்கை உலகறிந்தது. 1880இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கம்பியாவிற் பிறந்த அவர், பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபொழுது நோயுற்றுப் பார்வையையும் கேள்வியையும் இழந்தார். 1887 மார்ச் மாதத்தில் ஆன் சலிவன் என்னும் இளம் ஆசிரியை அவரது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த மாதத்தில், நீரிறைக்கும் குழாயடியில், ஒரு கையில் நீர் வழிய மறு கையில் ஆசிரியை எழுத்துகளை விரலாற் குறித்தபொழுது, பொருளுக்குப் பெயர் உண்டு என்பதைச் சிறுமி உணர்ந்தாள். வில்லியம் கிப்சன் எழுதிய ‘த மிரக்கிள் வேர்க்கர்’ என்னும் நாடகம் இக்காட்சியையே தனது உச்சமாகக் கொண்டது. 1957இல் தொலைக்காட்சிக்கென எழுதப்பட்டு, 1959இல் நியூயோர்க் மேடையேறி, 1962இல் ஆர்தர் பென்னின் நெறியாள்கையில் திரைப்படமாகியது. ‘அற்புதம் நிகழ்த்துபவர்’ என்பது தலைப்பின் பொருள்.

இந்நாடகத்தை மலினமான உணர்ச்சிப் படைப்பென்று ஒதுக்கிவிட முடியாது. உணவறைக் காட்சியை உதாரணமாகக் கொள்ளலாம். பிறர் தட்டிலிருந்து கையால் அள்ளி உண்ணும் சிறுமியைக் கதிரையில் இருத்தி, கரண்டியைப் பிடிக்கச் செய்வதற்கு ஆசிரியை படும் பாடு வசனமின்றியே நீண்ட நேரம் காட்டப்படுகின்றது. கதிரைகள் கவிழ்கின்றன, உணவு சிதறுகின்றது, இருவரும் களைத்து விழுகின்றனர். கற்பித்தல் என்பது உடல் உழைப்பு என்பதை இத்துணை அப்பட்டமாகக் காட்டிய மேடைக்காட்சிகள் அரியன. ஆசிரியையின் இளமைக்கால வறுமையையும் கிப்சன் மறைக்கவில்லை. ஐரிஷ் குடியேறிகளின் மகளான சலிவன், தம்பியுடன் ரூக்ஸ்பரி என்னும் ஏழைகள் விடுதியிற் சேர்க்கப்பட்டவர். தம்பி அங்கேயே இறந்தான். அவனது குரல் நாடகம் முழுவதும் அவரைத் தொடர்கின்றது.

எனினும் நாடகத்தின் கட்டமைப்பு இரண்டு முனைகளிலே உண்மையை வெட்டி எறிகின்றது. முதலாவது முனை, அந்த ஏப்ரல் நாளுக்கு முற்பட்ட வரலாறு. சலிவன் வெறுங்கையுடன் டஸ்கம்பியாவுக்கு வந்தவரல்லர். பொஸ்ரன் நகரிலிருந்த பேர்கின்ஸ் விழிப்புலனற்றோர் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் கற்றுத் தேறி வந்தவர். அதே நிறுவனத்தில் 1837ஆம் ஆண்டு தொடக்கம் லோறா பிறிட்ஜ்மன் என்னும் பார்வையும் கேள்வியுமற்ற பெண்ணுக்கு சாமுவேல் கிறிட்லி ஹோ மொழி கற்பித்திருந்தார். அவருடைய அறிக்கைகளைச் சலிவன் பயணத்துக்கு முன்னர் கற்றார். விரல் எழுத்து முறையையும் பேர்கின்ஸிலேயே பயின்றார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1842இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலில் லோறாவைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தமையினாலேயே ஹெலனின் தாயாருக்குத் தம் மகளுக்கும் கல்வி கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆக, குழாயடியிலே நிகழ்ந்தது ஒரு நிறுவனம் ஐம்பது ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருந்த அறிவு, ஆற்றல்மிக்க ஓர் ஆசிரியையின் கையில் பயன்பட்டமையாகும். நாடகத்தில் பேர்கின்ஸ் ஒரு விடைபெறும் காட்சியாகச் சுருங்கிவிடுகின்றது.

மற்றைய முனை, அந்நாளுக்குப் பிந்திய நாற்பத்தொன்பது ஆண்டுகள். சலிவன் அக்காலத்தில் எழுதிய கடிதங்கள் ஹெலனின் 1903ஆம் ஆண்டு வரலாற்று நூலுடன் இணைத்து வெளியிடப்பட்டன. அவற்றில் அற்புதம் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஒரு முறையைச் செய்து பார்த்தல், அது பயன்படாதவிடத்துக் கைவிடல், ஒழுங்குமுறைப் பாடவேளைகளை நிறுத்தல், ஹெலனின் உறவினரான ஒரு குழந்தை மொழியைக் கற்கும் விதத்தை அவதானித்து அதனைப் பின்பற்றல் என, அவை ஒரு தொழில்வல்லுநரின் குறிப்பேடாக அமைந்துள்ளன. கிப்சன் இக்கடிதங்களை நன்கு அறிந்தவர். ஆயினும் நாடகத்தின் உச்சத்துக்கு வேண்டியதை மாத்திரம் அவர் எடுத்துக்கொண்டார். 1904இல் ஹெலன் றட்கிளிவ் கல்லூரியிற் பட்டம் பெறும்வரை பாடநூல்களை வாசித்து வாசித்துக் கையில் எழுதியவர் சலிவன். ஏலவே நோயுற்றிருந்த அவரது கண்கள் அவ்வுழைப்பினால் மேலும் கெட்டன. 1920ஆம் ஆண்டு தொடக்கம் வருவாய்க்காக இருவரும் கேளிக்கை மேடைகளிலே தோன்ற வேண்டியதாயிற்று. 1936இல் ஏறத்தாழ முற்றாகப் பார்வையிழந்த நிலையிற் சலிவன் காலமானார்.

ஆசிரியரின் உடலே தேய்ந்து போகுமளவுக்கு அமைந்த இவ்வேற்பாடு, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்னும் தனியார் ஏற்பாடாகும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிக்க எந்தச் சமுதாயத்தாலும் இயலாது. இதனை மிகத் தெளிவாக உணர்ந்தவர் ஹெலன் கெலரே. 1909இல் அமெரிக்க சோசலிசக் கட்சியிற் சேர்ந்த அவர், 1913இல் வெளியிட்ட ‘அவுட் ஒவ் த டார்க்’ என்னும் கட்டுரைத் தொகுதியில், பார்வையிழப்பின் காரணங்களை வறுமையிலும் தொழிற்சாலை விபத்துகளிலும் தேடினார். குழாயடிச் சிறுமியை உலகம் நினைவில் வைத்திருக்கின்றது; சோசலிசவாதியை அவ்வாறு வைத்திருக்கவில்லை. அற்புதக் கதைக்கு அவர் என்றும் ஏழு வயதினராக இருப்பதே வசதி.

3

ஆமிர் கானின் ‘தாரே ஜமீன் பர்’ 2007 டிசெம்பரில் வெளிவந்தது. வாசிப்பிலும் எழுத்திலும் இடர்ப்படும் இஷான் என்னும் சிறுவன் சோம்பேறியென்றும் அடங்காதவனென்றும் தண்டிக்கப்பட்டு விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்படுகின்றான். அங்கு தற்காலிகமாக வரும் சித்திர ஆசிரியர் நிகும்ப், அவனது கொப்பிகளைப் புரட்டிப் பிழைகளின் ஒழுங்கைக் கண்டு, அவனுக்கிருப்பது வாசிப்பு இடர்ப்பாடு எனக் கண்டறிகின்றார், பெற்றோருக்கு விளக்குகின்றார், அதிபரிடம் அவகாசம் பெற்றுத் தாமே கற்பிக்கின்றார். சித்திரப் போட்டியிலே சிறுவன் முதலிடம் பெறுகின்றான்.

இப்படத்தின் சமூகப் பயன் சிறிதன்று. எழுத்துகள் தலைகீழாகத் தோன்றும் பிள்ளையின் அகவுலகத்தைப் பெருந்தொகையான பார்வையாளருக்கு அது உணர்த்திற்று. பிள்ளையைக் குற்றவாளியாக்கும் பெற்றோரும் ஆசிரியரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளச் செய்தது. கொப்பிகளை வரிசையாக வைத்துப் பிழைகளை வகைப்படுத்தும் காட்சி, ஆசிரியத் தொழிலின் அறிவுப் பக்கத்தைக் காட்டும் நல்லதொரு காட்சியுமாகும். ஆசிரியர் கருத்தரங்குகளில் இப்படம் உதாரணங் காட்டப்படுவதில் வியப்பில்லை.

ஆனால், படத்தின் பிரச்சினைத் தீர்வு எங்கிருந்து வருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். நிகும்ப் அப்பாடசாலையின் நிரந்தர ஆசிரியரல்லர். வெளியிலிருந்து வந்து, ஒரு பிள்ளையை மீட்கும் நாயகனாகவே அவர் அமைகின்றார். அவரும் சிறுவயதில் அதே இடர்ப்பாட்டை அனுபவித்தவர் என்னும் செய்தி, அவரது திறனைப் பயிற்சியிலிருந்து பிரித்துச் சொந்த அனுபவத்தின் விளைவாக்குகின்றது. விடுதிப் பாடசாலையின் ஏனைய ஆசிரியர்களோ பெரும்பாலும் கொடுமையும் கேலிக்கூத்தும் கலந்த பாத்திரங்கள். அவர்கள் ஏன் அவ்வாறாயினர் என்று படம் கேட்பதில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பாடவேளைகள், பரீட்சைப் பெறுபேற்றுக்காக மேலிருந்து வரும் நெருக்குதல் எத்தகையது, கற்றல் இடர்ப்பாடுகளை இனங்காண்பதற்கு அவர்களுக்கு எப்பொழுதாவது பயிற்சி கிடைத்ததா என்பன படத்தின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதனால் அமைப்பின் குறை ஆசிரியர்களின் மனக்குறையாக உருமாறுகின்றது. நல்ல மனம் படைத்த ஒருவர் வந்தால் யாவும் சீராகும் என்னும் முடிவு இதிலிருந்து இயல்பாகவே பிறக்கின்றது.

மேலும் இருவிடயங்கள் ஈண்டு நோக்கற்பாலன. நிகும்ப் கடமையாற்றும் விசேட பாடசாலையின் பிள்ளைகள் படத்திற் சிறிது நேரமே தோன்றுகின்றனர். அவர்களுக்குப் போட்டியில் வெல்லக்கூடிய மறைந்த திறமை இருந்தாக வேண்டுமென்பதில்லை; ஆகவே அவர்களுக்குக் கதை இல்லை. இஷானுக்குக் கதை உண்டு, ஏனெனில் அவன் வெல்கின்றான். அவனது சித்திரம் பாடசாலை ஆண்டு மலரின் முன்னட்டையை அலங்கரிக்கின்றது. வாசிப்பு இடர்ப்பாடு இருந்தும் உலகப் புகழடைந்தோரின் பெயர்ப்பட்டியலைப் படம் வகுப்பறையில் ஒப்புவிக்கின்றது. பிள்ளையின் மதிப்பு அவன் இறுதியில் ஈட்டும் வெற்றியிலே தங்கியுள்ளது என்னும் சந்தைக் கருத்துநிலையைப் படம் தொடக்கத்தில் தந்தையின் வாயிலாகக் கண்டிக்கின்றது. முடிவிலோ பரிசுக் கிண்ணத்தின் வாயிலாக அதனையே ஏற்றுக்கொள்கின்றது. வெல்லாத பிள்ளைக்கும் கற்கும் உரிமை உண்டு என்பதே பொதுக் கல்வியின் அடிப்படை. அதனைக் கூறும் துணிவு படத்துக்கு இல்லை.

4

மேற்கூறிய இரு படைப்புகளுக்கும் மாறான ஒரு நோக்கினை விளங்கிக்கொள்வதற்கு லெவ் வைகொட்ஸ்கியின் சிந்தனை உதவுகின்றது. 1896 முதல் 1934 வரை வாழ்ந்த இச்சோவியத் உளவியலாளர், 1924ஆம் ஆண்டு தொடக்கமே விசேட தேவையுடைய பிள்ளைகளின் கல்வியில் ஈடுபட்டவர். அன்று வழங்கிய பெயரிலே அத்துறை ‘குறைபாட்டியல்’ எனப்பட்டது. பெயர் இன்று ஏற்புடையதன்று; கருத்து இன்றும் கூர்மையானது. உடலிலுள்ள குறை முதல்நிலையானது. அக்குறை காரணமாகச் சமுதாயம் பிள்ளையைத் தனது கூட்டு வாழ்விலிருந்து ஒதுக்குவதால் விளையும் வளர்ச்சித் தடை இரண்டாம் நிலையானது. பிள்ளையின் தலைவிதியைப் பெரிதும் தீர்மானிப்பது இரண்டாவதே. கல்வியினால் மாற்றக்கூடியதும் அதுவே. இங்கிருந்து, பிள்ளையைத் தனிமைப்படுத்தி ஒடுங்கிய உலகத்தினுள் அடைக்கும் விசேட பாடசாலையையும் அவர் கண்டித்தார்.

இச்சிந்தனை மரபில் வளர்ந்த அலெக்சாண்டர் மெஷ்செர்யாகொவ், 1963இல் மொஸ்கோவுக்கு அணித்தான சாகொர்ஸ்க் நகரில் திறக்கப்பட்ட, பார்வையும் கேள்வியுமற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையின் அனுபவத்தை ‘வாழ்வுக்கு விழித்தெழல்’ என்னும் பொருள்படும் நூலாக எழுதினார். 1974இல் ரஷ்ய மொழியிலும், 1979இல் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் ஆங்கிலப் பதிப்பாகவும் அது வெளிவந்தது. ஆய்வறிக்கையாகிய இந்நூலை இலக்கிய விமர்சனத்துக்கு உட்படுத்துவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் கற்பித்தல் உழைப்பு எவ்வாறு எழுத்தில் வடிக்கப்படலாம் என்பதற்கு அதனினும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

கரண்டியையே மீண்டும் நோக்குவோம். கிப்சனின் மேடையிற் கரண்டி ஒரு போராட்டத்தின் ஆயுதம். மெஷ்செர்யாகொவின் நூலில் அது மானுட வரலாறு உறைந்திருக்கும் ஒரு கருவி. அதனைப் பயன்படுத்தக் கற்கும் பிள்ளை மனிதகுலத்தின் செயலொன்றைத் தனதாக்கிக்கொள்கின்றது. ஆசிரியர் பிள்ளையின் கையைத் தம் கையாற் பற்றிக் கரண்டியை வாய்க்குக் கொண்டுசெல்கின்றார். பல நாட்களின் பின்னர் ஒரு கணத்தில் பிள்ளையின் கையில் மெல்லியதோர் அசைவு தானாகத் தோன்றும். அக்கணத்தில் ஆசிரியர் தம் கையின் விசையைச் சிறிது தளர்த்த வேண்டும். தளர்த்தாவிடின் பிள்ளை செயலற்றுப் பழகிவிடும். மிகையாகத் தளர்த்தினால் முயற்சி முறிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளும் இவ்வளவு வேறுபடும். நூலில் இங்கு அற்புதத்துக்கு இடமில்லை. கூர்ந்த கவனத்துக்கே இடமுண்டு. களைத்துச் சோர்ந்த ஓர் ஆசிரியரால், ஒரே வேளையிற் பல பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய ஓர் ஆசிரியரால், அந்த மெல்லசைவை உணர முடியாது. ஆசிரியரின் வேலை நிலைமைக்கும் பிள்ளையின் நலனுக்கும் உள்ள தொடர்பு இவ்வொரு செயலிலேயே அடங்கியுள்ளது.

சோவியத் அனுபவத்தையும் விமர்சனமின்றி ஏற்றுக்கொள்வது மார்க்சிய நோக்காகாது. சாகொர்ஸ்க் மாணவர் நால்வர் 1977இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் உளவியற் பீடத்திற் பட்டம் பெற்றனர். மெய்யியலாளர் இலியென்கொவ் இதனை மனித மனத்தின் சமூகத் தோற்றத்துக்கான சான்றாக முன்வைத்தார். பிறப்பிலிருந்தே பார்வையும் கேள்வியும் அற்றிருந்தோர் அல்லர் அந்நால்வரும் என்பது பின்னர் எழுந்த விவாதங்களிற் சுட்டப்பட்டது. அவர்களுள் ஒருவரான அலெக்சாண்டர் சுவோரொவ் மூன்று வயதளவிற் பார்வையையும் ஒன்பது வயதளவிற் கேள்வியையும் இழந்தவர். நால்வர் மீது குவிக்கப்பட்ட வளங்கள் நாடெங்குமிருந்த விசேட விடுதிப் பாடசாலைகளுக்குக் கிடைக்கவுமில்லை. சோசலிசத்தின் பெயராலும் அற்புதக் கதைகள் பின்னப்படலாம் என்பதற்கு இது சான்று. இருப்பினும், அரசு பொறுப்பேற்ற ஒரு நிறுவனத்தில், பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் குழுவாக இயங்கித் தம் முறைகளைப் பதிவுசெய்து அடுத்தவரிடம் கையளித்தனர் என்னும் உண்மை எஞ்சி நிற்கின்றது. அம்முறையைப் பிறர் கற்கலாம். அற்புதத்தைக் கற்க இயலாது.

5

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் விசேட கல்வி அருட்பணியாகத் தொடங்கியது. 1912இல் ஆங்கிலத் திருச்சபை மிஷனரிகளால் நிறுவப்பட்டதும் பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றதுமான பாடசாலை, செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் கல்வி வழங்கிய முன்னோடி நிறுவனம். வடக்கில் 1956ஆம் ஆண்டு முதல் கைதடி நவீல்ட் பாடசாலை இப்பணியை ஆற்றி வருகின்றது; போரின் இடப்பெயர்வுகளையும் அது தாங்கி நின்றது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து விசேட தேவையுடைய பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் இணைக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 1994ஆம் ஆண்டுச் சலமன்கா பிரகடனம், மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 1997இன் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள், 2003இன் தேசியக் கொள்கை, 2016இல் ஏற்புறுதி செய்யப்பட்ட ஐக்கிய நாடுகள் சமவாயம் எனக் கடதாசியில் வரிசை நீண்டுள்ளது. உட்படுத்தற் கல்வி இன்று அரசின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை.

கொள்கை பாடசாலை வாயிலைத் தாண்டும்பொழுது என்ன நிகழ்கின்றது? சாதாரண பாடசாலையின் விசேட கல்வி அலகில், வெவ்வேறு வயதினரும் வெவ்வேறு தேவைகளையுடையோருமான பிள்ளைகள் ஓர் அறையில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விடப்படுவதே பரவலாகக் காணப்படும் ஏற்பாடு. செவிப்புலன் குறைந்த பிள்ளைக்கு வேண்டிய முறை வேறு. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டிய முறை வேறு. பேச்சுச் சிகிச்சையாளரோ உளவியலாளரோ உதவியாளரோ இல்லாதவிடத்து இவர்கள் அனைவரின் பணியும் அந்த ஒருவரின் மீதே சுமத்தப்படுகின்றது. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறுகளால் பாடசாலைகள் மதிப்பிடப்படும் சூழலில், அப்பெறுபேற்றுக்கு எதனையும் சேர்க்காத அலகு பாடசாலையின் ஓரத்திலேயே நிற்கும். அங்குள்ள ஆசிரியரும் ஓரத்திலேயே நிற்பார். சக ஆசிரியரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தன் உழைப்பின் விளைவு எந்த மதிப்பீட்டிலும் பதிவுபெறாத நிலையில் பணியாற்றுபவரின் மனச்சோர்வினைத் தனிப்பட்ட பலவீனமெனக் கருதுதல் தவறு. மார்க்ஸ் அந்நியமாதல் என்று விவரித்த நிலையின் ஒரு வடிவமே அது.

வடக்கு கிழக்கில் இதற்கு மேலுமொரு பரிமாணம் உண்டு. போர் உண்டாக்கிய உளவடுக்களைத் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூலில் ஆராய்ந்துள்ளார். இடப்பெயர்வும் இழப்பும் பிள்ளைகளை மாத்திரம் தாக்கவில்லை. பிள்ளையின் துயரைத் தேற்ற வேண்டிய ஆசிரியரும் அதே முகாமில் இருந்தவர்; அதே இழப்பைக் கண்டவர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் இதுவே நிகழ்ந்தது. எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுதும், அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபொழுதும், பிள்ளையின் வீட்டில் உணவு குறைந்தது போன்று ஆசிரியரின் வீட்டிலும் குறைந்தது. மாணவர் நலன், ஆசிரியர் நலன் என இரண்டு தலைப்புகளில் இவற்றைப் பிரித்து நோக்குவது நிருவாக வசதிக்குப் பொருந்தலாம், உண்மைக்குப் பொருந்தாது.

இவ்விடத்திலேதான் தியாகம் என்னும் சொல்லின் அரசியல் வெளிப்படுகின்றது. 2021 ஜூலை முதல் ஒக்ரோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும், 1997ஆம் ஆண்டிலிருந்து தீர்க்கப்படாதிருந்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடினர். அப்பொழுது அவர்களுக்கு எதிராக எழுப்பப்பட்ட வாதங்களுள் ஒன்று, ஆசிரியத்தொழில் புனிதமானது என்பதாகும். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் வந்த ஆண்டும் இச்சம்பள முரண்பாடு தோன்றிய ஆண்டும் ஒன்றாயிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. பிள்ளையின் உரிமை சட்டமாகியது. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்த வேண்டியவரின் உரிமை இழுபட்டுச் சென்றது.

6

எமது முற்போக்கு இலக்கிய மரபு இப்பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டது என்பது இறுதியாக எழும் வினாவாகும். 1930ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கும் ஏற்பாடு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை நிலத்தில் இருத்தப்பட்டமையை எமது முற்போக்காளர் விதியென்று கொள்ளவில்லை; கருணைக்குரிய காட்சியென்றும் எழுதவில்லை. அநீதியென்றே எழுதினர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் தனிமனிதரின் நல்ல மனதில் தீர்வைத் தேடாது, திரண்ட மக்களின் போராட்டத்திலே தேடின. ஆசிரியராகப் பணியாற்றிய தெணியான் போன்ற எழுத்தாளர்கள் அம்மரபை வளர்த்தனர்.

அதே நேர்மையுடன் நோக்கின், மாற்றாற்றல் உடைய பிள்ளை எமது எழுத்தில் இன்னமும் பெரும்பாலும் பெற்றோரின் துயரத்துக்கும் ஊழ்வினைக்கும் குறியீடாகவே வருகின்றது எனலாம். ஊனமுற்றோர் என்ற சொல்லைக் கைவிட்டு மாற்றாற்றல் உடையோர் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டோம். அது வேண்டிய மாற்றமே. எனினும் பிள்ளையின் இருக்கை வகுப்பறையின் எந்த மூலையில் உள்ளது என்னும் வினாவைப் பெயர்மாற்றம் தீர்த்துவிடாது. சாதியின் பேரால் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைக்கும், இயலாமையின் பேரால் ஓரத்து அறையில் இருத்தப்பட்ட பிள்ளைக்கும் வரலாறு வேறு. ஒடுக்குமுறையின் வடிவங்களும் வேறு. ஆனால் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கப்படுதல் என்னும் அனுபவம் பொதுவானது. முன்னதை உரிமையின் மொழியில் எழுதக் கற்றுக்கொண்ட மரபு பின்னதையும் அம்மொழியில் எழுதுவதற்குத் தடையேதுமில்லை.

இதன் பொருள், எழுத்தாளர் யாவரும் கல்வியமைச்சின் குறைகளைக் கதையாக்க வேண்டும் என்பதன்று. ஆசிரியரைத் தெய்வமாக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, அவர் காலையில் பாடசாலைக்குள் நுழைவது முதல் மாலையில் வீடு திரும்புவது வரை எதைச் செய்கின்றார், எத்தனை பேருக்குச் செய்கின்றார், எதனைக் கொண்டு செய்கின்றார் என்று உற்றுநோக்குவதே யதார்த்தவாதத்தின் முதற்படியாகும். விசேட கல்வி ஆசிரியர்கள் தாமே எழுதும் குறிப்புகள், சலிவனின் கடிதங்களைப் போன்று, எமது மொழியில் வெளிவருதல் வேண்டும். அவை இலக்கியத்துக்கும் கல்வியியலுக்கும் ஒருங்கே பயன்படும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் கல்வியியற்றுறைகளும் கூடிச் செய்யக்கூடிய பணி இது.

வகுப்பொன்றில் இருக்கவேண்டிய பிள்ளைகளின் தொகையை வரையறுத்தல், உதவியாளரை நியமித்தல், பணியிடைப் பயிற்சியைத் தமிழ்மொழி மூலம் தொடர்ச்சியாக வழங்குதல், விசேட கல்வி அலகினைப் பாடசாலையின் மதிப்பீட்டினுள் கொண்டுவருதல், ஆசிரியருக்கும் உளவளத்துணை கிடைக்கச் செய்தல் ஆகியன அரசு நிறைவேற்ற வேண்டிய கடமைகள். இவற்றைக் கேட்பவர்கள் தொழிற்சங்கத்தினர் மாத்திரமாக இருத்தல் போதாது. பெற்றோரும் எழுத்தாளரும் அவர்களுடன் நிற்றல் வேண்டும். பரிசளிப்பு விழாக்களில் விசேட கல்வி ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தி அவரது தியாகத்தைப் போற்றுவோர், அவருடைய வகுப்பறைக்கு இன்னுமோர் ஆசிரியரை அனுப்புமாறு வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்திலும் தம் கையொப்பத்தை இடுவார்களாக.